தாசில்தாரம்மா பதில்கள்: குண்டு வெடித்த மறுநாள்

வழக்கமாக இந்தப் பக்கத்துக்குப் பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, முதியோர் உதவித்தொகை என்றுதான் கடிதம் வரும். காஷ்மீரின் பஹல்காமில் சுற்றுலா வந்தவர்களைச் சுட்டுக் கொன்ற பிறகு வந்த கடிதக் கட்டில் பாதிக்கு மேல் வேறு மாதிரி. கோபமும் பயமும் கலந்து எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடிதங்களுக்கு மட்டும் இந்த இதழில் பதில் எழுதுகிறேன். ராணுவமோ வெளியுறவோ எனக்குத் தெரியாது. சேலம் மாவட்ட வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, ஏற்காட்டில் தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவள். அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்ததையும், அதன் பிறகு தேடிப் படித்ததையும் வைத்துச் சொல்கிறேன்.

26 பேரைக் குடும்பத்தின் கண் முன்னால் சுட்டுக் கொன்றார்கள். நாமும் திருப்பி அடித்தோம். அதற்கு மேல் ஒரு அரசாங்கம் என்ன செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள்?
– பட்டு நெசவாளர், அம்மாப்பேட்டை

ஐயா, 2025 ஏப்ரல் 22 அன்று பஹல்காம். மறுநாளே பாகிஸ்தானோடு போட்ட சிந்து நதி நீர் ஒப்பந்தம் நிறுத்தி வைக்கப்பட்டது. மே 7 பாகிஸ்தான் மீது ஆபரேஷன் சிந்தூர் தாக்குதல். மே 10 சண்டை நின்றது. நீங்களும் நானும் டிவியில் பார்த்தது இவ்வளவுதான். திட்டம் போட்டவனைத் தேடிப் பிடிக்கவும் தண்டிக்கவும் ஒரு நாட்டுக்கு உரிமை உண்டு, அதில் எனக்கு வேறு கருத்து கிடையாது. ஆனால் டிவிக்காரர்கள் கேமராவை மடக்கிக்கொண்டு கிளம்பிய பிறகு, செத்தவர் வீட்டில் மிஞ்சியிருக்கும் பெண்பிள்ளை என்ன ஆனாள்? நான் கேட்க நினைப்பது அதைத்தான்.

தீவிரவாதத் தாக்குதலில் இறந்த பொதுமக்களின் குடும்பத்துக்கு மத்திய அரசின் உதவித் திட்டம் ஒன்று 2008 முதல் இருக்கிறது. முதலில் 3 லட்சம் ரூபாய், 2016இல் 5 லட்சமாக உயர்த்தினார்கள். நிரந்தர ஊனமானவர்களுக்கும் உண்டு. இது பலருக்குத் தெரியாது. தெரிந்தாலும் பணம் தானாக வீடு தேடி வராது. எஃப்.ஐ.ஆர். நகல், பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று எல்லாம் சேர்ந்து கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் போக வேண்டும். குண்டுவெடிப்புக் கோப்பு என் மேஜைக்கு வந்ததில்லை. பட்டாசுக் கிடங்கு விபத்துக் கோப்புகள் வந்திருக்கின்றன. போகிற பாதை கிட்டத்தட்ட ஒன்றுதான்.

நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்துக்கு அப்படி ஒரு பெண் வந்தாள். மஞ்சள் பை நிறையக் காகிதம். கணவன் பெயர் ஆதாரில் ஒரு மாதிரி, ரேஷன் கார்டில் கூப்பிடு பெயர், ஆஸ்பத்திரியில் அவசரத்தில் எழுதியது மூன்றாவது மாதிரி. இனிஷியலும் மாறியிருந்தது. மூன்றும் ஒரே ஆள்தான் என்று சான்று வாங்கி வரச் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். வி.ஏ.ஓ. கையெழுத்துக்கு ஒரு நாள், ஆர்.ஐ. கையெழுத்துக்கு ஒரு நாள், அவர் கேம்ப் போயிருந்தால் இன்னொரு நாள். ஒவ்வொரு நாளும் அவளுக்குக் கூலி போகிறது. மேஜை மேல் அந்தக் காகிதங்களைப் பரப்பும்போது, பிரேதப் பரிசோதனை அறிக்கையை மட்டும் குப்புறத் திருப்பித்தான் வைப்பாள். ஒவ்வொரு மேஜையிலும் அதைத் திருப்பிப் படிக்க வைத்தோம். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குத் தாங்கவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், தாக்குதல் நடந்த ஊருக்கு மந்திரி போவது போலவே, செத்தவர் வீட்டுக்கு ஒரு வருவாய் ஊழியர் போய், எல்லாச் சான்றையும் அந்த வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்து எழுதித் தர வேண்டும். மனம் இருந்தால் ஒரு வாரத்தில் முடிகிற வேலை.

காயம்பட்டவர்களை நாம் இதைவிடச் சீக்கிரம் மறக்கிறோம். 1998 பிப்ரவரி 14 அன்று கோவையில் 58 பேர் இறந்ததைச் சொல்கிறோம். 200 பேருக்கு மேல் காயம்பட்டார்களே, அவர்களில் கால் போனவர், காது போனவர் எல்லாம் அதன் பிறகு எப்படிப் பிழைத்தார்கள் என்று யார் கேட்டோம்? அமெரிக்காவில் 2001 செப்டம்பர் 11இல் 2,977 பேர் இறந்தார்கள். இடிபாட்டுப் புழுதியைச் சுவாசித்த தீயணைப்பு வீரர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் வருடங்கள் கழித்து நுரையீரல் நோயும் புற்றுநோயும் வந்தன. அவர்கள் போராடிப் போராடித்தான் நஷ்டஈட்டு நிதியை மறுபடி திறக்க வைத்தார்கள். 2019இல் போட்ட சட்டப்படி 2090ஆம் ஆண்டு வரைக்கும் விண்ணப்பிக்கலாம். அன்றைக்குக் கைக்குழந்தையாக இருந்தவர்கள் கிழவர்களாகும் வரைக்கும் அந்தக் கதவு திறந்திருக்கும்.

அதே அமெரிக்காதான் ஆப்கானிஸ்தானில் 20 வருடம் சண்டை போட்டது. 2021 ஆகஸ்டில் அமெரிக்கப் படை வெளியேறும்போது தாலிபான் மறுபடி காபூலுக்குள் வந்துவிட்டது. நடுவில் 2003இல் இராக் மீது படையெடுத்தார்கள். பேரழிவு ஆயுதம் இருக்கிறது என்றார்கள், தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை. அடிபட்ட கோபத்தில் ஒரு நாடு கையெழுத்துப் போடும் காகிதத்துக்கு எத்தனை தலைமுறை விலை கொடுக்கிறது என்று இதை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் ஐயா.

எங்கள் லாட்ஜ் ஏரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. சால்வை, கம்பளி விற்கிற காஷ்மீர்க்காரர் ஒருவர் ரூம் கேட்டு வந்தார். ஆதார் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. முதலாளி "காலி இல்லைன்னு சொல்லிடு" என்றார். சொல்லி அனுப்பிவிட்டேன். அன்றைக்கு ஏழு ரூம் காலி. மனசு உறுத்துகிறது.
– ரிசப்ஷனில் வேலை செய்பவர், ஏற்காடு

உறுத்தத்தான் வேண்டும் தம்பி. உங்கள் மனசு சரியாக வேலை செய்கிறது.

முதலில் சட்டம். நம் அரசியலமைப்பின் 15ஆவது பிரிவு, இரண்டாவது உட்பிரிவு: மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் இவற்றை மட்டும் காரணமாக வைத்துக் கடைக்குள்ளோ உணவகத்துக்குள்ளோ ஹோட்டலுக்குள்ளோ ஒரு குடிமகன் நுழைவதைத் தடுக்கக் கூடாது. ஹோட்டல் என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள். உங்கள் முதலாளியிடம் இதைப் பணிவாகச் சொல்லுங்கள். பயமாக இருந்தால் செய்ய வேண்டியது வேறு: எல்லோரிடமும் வாங்குகிற அதே அடையாள அட்டை, எல்லோரையும் எழுதுகிற அதே ரிஜிஸ்டர், சிசிடிவி. ஒருவரின் நடவடிக்கையில் சந்தேகம் வந்தால் போலீஸ் ஸ்டேஷனுக்குச் சொல்லலாம். ஊர் பெயரைப் பார்த்துச் சந்தேகப்படுவதற்கு ஸ்டேஷனிலும் வேலை இல்லை.

பஹல்காமில் சுற்றுலா வந்தவர்களைக் காப்பாற்றப் போய் உயிரை விட்டார் அந்த ஊர்க் குதிரைக்காரர் ஒருவர், காஷ்மீர் முஸ்லிம். மறுநாள் பள்ளத்தாக்கு முழுக்கக் கடையடைத்தார்கள். சீசன் நேரத்தில் கடையடைத்தால் என்ன நஷ்டம் என்று ஏற்காட்டுக்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. மே மாதக் கோடை விழா சமயத்தில் மலைப்பாதை இரண்டு நாள் அடைத்தாலே உங்கள் தெரு எப்படித் தவிக்கும்? அவர்களுக்கு அந்த ஒரு நாளோடு அது முடியவில்லை. சீசனே போனது. அப்படிப் பிழைப்பு போய்த்தான் அந்த மனிதர் தோளில் மூட்டையோடு 20 கொண்டை ஊசி வளைவு ஏறி உங்களிடம் வந்திருப்பார்.

செப்டம்பர் 11 நடந்து நான்காம் நாள், அரிசோனா மாநிலத்தில் மெசா என்ற ஊரில், தன் பெட்ரோல் பங்க் வாசலில் நின்றிருந்த சீக்கியர் ஒருவரைச் சுட்டுக் கொன்றார்கள். தலைப்பாகையையும் தாடியையும் பார்த்து முஸ்லிம் என்று நினைத்துக்கொண்டானாம் சுட்டவன். முஸ்லிமாகவே இருந்திருந்தாலும் அவர் என்ன பாவம் செய்தார்?

வெளிநாட்டுக்குப் போவானேன். 1991 மே 21 ராத்திரி ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அப்போது நம் மாவட்டத்து இலங்கைத் தமிழர் முகாம் ஒன்றில் பணக்கொடை கொடுக்கும் நாளில் பெயர் கூப்பிட்டுச் சரிபார்ப்பது என் வேலை. அதுவரைக்கும் ஊர்க்காரர்கள் அந்த மக்களுக்குப் பழைய துணியும் அரிசியும் கொண்டுவந்து கொடுப்பார்கள். "பாவம், நம்ம சனங்க" என்பார்கள். அதன் பிறகு முகாம்காரர் யாராவது டீக்கடைக்கு வந்தால் பேச்சு அடங்கிவிடும். வேலைக்குக் கூப்பிட்டவர்கள் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். கட்டுப்பாடுகள் இறுகின, பிள்ளைகளின் படிப்பு தடைபட்டது.

பெயர் கூப்பிட்டு முடித்து நோட்டை மூடும்போது ஒரு பெண் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். பதினேழு வயது இருக்கும். ஊரிலிருந்து படகில் வரும்போது தண்ணீர் படாமல் இருக்க மெழுகுத்துணியில் சுற்றி எடுத்து வந்த பள்ளிக்கூடச் சான்றிதழ். அதன் மேலேயே இங்கே எழுதிய பிளஸ் டூ மார்க் ஷீட்டையும் வைத்துச் சுற்றியிருந்தாள். பிரித்துக் காட்டினாள். நல்ல மார்க். "கொலீஜில போம் தர ஏலாது எண்டு சொல்லிப் போட்டினம் மிஸ்" என்றாள். அழவில்லை. திரும்ப அதே மடிப்பில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள். இந்தப் பிள்ளைக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் என்ன சம்பந்தம்? குண்டுக்குப் பயந்து ஓடி வந்தவளே அவள்தான். அந்த மார்க் ஷீட் என் மனசில் இருப்பதால்தான் உங்கள் கடிதத்துக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அந்த வியாபாரி இன்னும் ஏற்காட்டில் இருந்தால் தேடிப் போய் ரூம் இருக்கிறது என்று சொல்லுங்கள்.

பிடிபட்டவனை வைத்து வருஷக்கணக்கில் கோர்ட், வக்கீல், வாய்தா எதற்கு? கசாபுக்கு ஜெயிலில் பிரியாணி போட்டு வளர்த்தார்களே! அங்கேயே சுட்டிருந்தால் செலவாவது மிச்சம்.
– வெள்ளி வியாபாரி, செவ்வாய்ப்பேட்டை

அந்தப் பிரியாணி உண்மை இல்லை அண்ணா. கசாப் பிரியாணி கேட்கவும் இல்லை, யாரும் போடவும் இல்லை, அது தானே கட்டிய கதை என்று அந்த வழக்கின் அரசு வக்கீல் உஜ்வல் நிகம் 2015இல் வெளிப்படையாகச் சொன்னார். நாடே அதை நம்பி எத்தனை வருடம் பேசியது!

மும்பையில் 2008 நவம்பர் 26இல் தொடங்கிய தாக்குதலில் 166 பேர் இறந்தார்கள். வந்தவர்கள் 10 பேர். உயிரோடு கிடைத்தவன் கசாப் ஒருவன்தான். கையில் வெறும் லத்தியோடு அவன் துப்பாக்கிக் குழலைப் பிடித்துக்கொண்டு குண்டுகளை உடம்பில் வாங்கியவர் உதவி சப் இன்ஸ்பெக்டர் துக்காராம் ஓம்ப்ளே. அவர் உயிரைக் கொடுத்துப் பிடித்துத் தந்ததால்தான், எங்கே பயிற்சி எடுத்தார்கள், எந்தக் கடல் வழியாக வந்தார்கள், யார் போனில் பேசி நடத்தினார்கள் என்பதெல்லாம் உலகத்தின் முன்னால் சாட்சியத்தோடு நின்றது. சுட்டிருந்தால் அந்த வாயும் மூடியிருக்கும். வழக்கு நடந்து, மேல்முறையீடு முடிந்து, 2012 நவம்பர் 21 அன்று புனே எரவாடா சிறையில் தூக்கிலிட்டார்கள். நாலு வருடம். நம் ஊர் நில வழக்குகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது அதிகம் இல்லை. அதே வழக்கில் உடந்தை என்று சேர்த்த இந்தியர்கள் இருவரை, ஆதாரம் இல்லை என்று விடுதலை செய்தார்கள். உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. "அங்கேயே சுட்டிருந்தால்" என்ற கணக்கில் அந்த இருவரும் சேர்ந்திருப்பார்கள்.

ராஜீவ் காந்தி வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1998 ஜனவரியில் தடா நீதிமன்றம் 26 பேருக்குத் தூக்கு என்றது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவர்களில் 19 பேரைக் கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. இந்த 19ஐ நினைத்துப் பாருங்கள். கோவை குண்டுவெடிப்பு வழக்கில் கைதான கேரள அரசியல்வாதி அப்துல் நாசர் மதானி ஒன்பது வருடத்துக்கு மேல் சிறையில் இருந்த பிறகு 2007இல் அந்த வழக்கிலிருந்து விடுதலையானார். அதே தீர்ப்பில் 150 பேருக்கு மேல் குற்றவாளிகள் என்று முடிவானதையும் சேர்த்தே சொல்கிறேன், கோர்ட் யாரையும் விட்டுவிடுவதற்காக இருக்கிற இடம் இல்லை.

கோபத்தில் கொண்டு வந்த சட்டங்கள் எங்கெங்கோ பாயும் என்பதையும் பார்த்துவிட்டோம். நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பிறகு 2002இல் பொடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் வந்தது. திருமங்கலத்தில் மேடையில் பேசிய பேச்சுக்காக வைகோவை அதில் கைது செய்து வேலூர் சிறையில் ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்தார்கள். அவர் அரசியலை நீங்கள் ஏற்கலாம், ஏற்காமல் போகலாம். குண்டு வைத்தவரா அவர்? 2004இல் அந்தச் சட்டத்தையே திரும்பப் பெற்றார்கள்.

லண்டனில் 2005 ஜூலை 7 ரயில், பஸ் குண்டுவெடிப்பில் 52 பேர் இறந்தார்கள். இரண்டு வாரம் கழித்து, சந்தேகத்தின் பேரில் ஒரு பிரேசில் நாட்டு இளைஞரை ஸ்டாக்வெல் ஸ்டேஷனில் ரயிலுக்குள் வைத்துப் போலீசார் சுட்டுக் கொன்றார்கள். அவர் எலக்ட்ரீஷியன். வேலைக்குக் கிளம்பியவர். "அங்கேயே சுடு" என்பதன் முழு அர்த்தம் அந்த ரயில் பெட்டிக்குள் கிடந்தது.

தாக்குதல் பற்றிய வீடியோ, செய்தி எது வந்தாலும் எங்கள் குரூப்பில் உடனே ஃபார்வர்டு செய்கிறோம். விழிப்புணர்வுக்குத்தானே மேடம், தப்பா?
– கல்லூரி மாணவி, சேலம்

கண்ணு, எண்ணம் நல்லதுதான். ஆனால் செய்யாதே.

கோவையில் குண்டு வெடித்த ராத்திரி நான் இங்கே தேர்தல் வேலையில் கட்டுப்பாட்டு அறையில் இருந்தேன். அப்போது செல்போன் கிடையாது, இருந்தும் வதந்தி எப்படித்தான் பறந்ததோ! "பழைய பஸ் ஸ்டாண்டில் குண்டாமே", "ஜங்ஷனில் ரெண்டு பேரைப் பிடிச்சிட்டாங்களாமே", "மேட்டூர்த் தண்ணியில விஷமாமே". போன் வைக்க வைக்க அடிக்கிறது. எங்கள் மேலதிகாரி ஒரு நோட்டைப் போட்டார். எத்தனை மணிக்கு வந்த தகவல், எந்த ஏரியா, யார் நேரில் போய்ப் பார்த்தது, என்ன இருந்தது என்று நாலு கட்டம். டிவிஎஸ் 50இல் ஆள் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்ன பிறகுதான் நாலாவது கட்டம் நிரம்பும். அது நிரம்பாத எதையும் அடுத்தவரிடம் சொல்லக் கூடாது என்று உத்தரவு. விடிய விடிய எழுதினோம். நாலாவது கட்டத்தில் ஒன்றில்கூட "உண்மை" என்று எழுத நேரவில்லை. பஸ் ஸ்டாண்டில் கிடந்த மூட்டையில் இருந்தது பாவு நூல்.

2013இல் பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்பின்போது, காணாமல் போயிருந்த ஒரு இந்திய வம்சாவளி மாணவரை இணையத்தில் ஆளாளுக்குச் சேர்ந்து குற்றவாளி என்று முடிவு கட்டினார்கள். அந்தப் பையனைத் தேடித் தவித்துக்கொண்டிருந்த குடும்பத்துக்கு மிரட்டல் மேல் மிரட்டல். பையனுக்கு அதில் சம்பந்தமே இல்லை. பிறகு உடல்தான் கிடைத்தது. நம் மும்பைத் தாக்குதலில் கமாண்டோக்கள் எந்தப் பக்கம் இறங்குகிறார்கள் என்பதை டிவி நேரலையாகக் காட்ட, அதை எல்லைக்கு அப்பால் பார்த்துக்கொண்டே உள்ளே இருந்தவர்களுக்குப் போனில் வழி சொன்னார்கள். உச்ச நீதிமன்றம் இதைக் கடுமையாகக் கண்டித்தது. 2015 முதல் அப்படிப்பட்ட நடவடிக்கையை நேரலை செய்யத் தடை இருக்கிறது. நீ ஃபார்வர்டு செய்வதும் ஒரு நேரலைதான். இறந்தவரின் உடல் தெரியும் படத்தைக் கண்டிப்பாக யாருக்கும் அனுப்பாதே. அந்த வீட்டுக் குழந்தையின் போனுக்கும் அது போகும்.

ரத்ததானம் செய்யலாம் என்று நண்பர்களோடு கிளம்பினோம். காஷ்மீர் தூரம், இங்கே கொடுத்தால் பயன் உண்டா?
– சூரமங்கலம் வாசகர்

இங்கேயே கொடுங்கள், ஆனால் இன்றைக்கே எல்லோரும் கொடுக்காதீர்கள். செப்டம்பர் 11க்குப் பிறகு அமெரிக்காவில் வரிசை வரிசையாக நின்று கொடுத்த ரத்தத்தில் ஒரு பகுதி வீணாகிப்போனது. சிவப்பணுக்களை ஆறு வாரத்துக்கு மேல் வைக்க முடியாது. பெயரைக் கொடுத்துவிட்டு வாருங்கள், மாதத்துக்கு இரண்டு பேராகப் போங்கள். நம் ஜி.எச்.சில் பிரசவத்துக்கும் விபத்துக்கும் தினமும் தேவைப்படுகிறது.

மற்ற நாடுகள் இதைவிட நன்றாகக் கையாண்டிருக்கின்றனவா?
– ஆசிரியர், ஓமலூர்

சில நாடுகள், சில விஷயங்களில். எனக்குப் பிடித்தது நார்வே. 2011 ஜூலை 22 அன்று ஒருவன் ஆஸ்லோவில் அரசு அலுவலகக் கட்டடத்துக்கு வெளியே வண்டியில் குண்டு வைத்தான், 8 பேர் இறந்தார்கள். பிறகு ஊட்டோயா தீவில் இளைஞர் முகாமுக்குப் போய்ச் சுட்டான், 69 பேர் இறந்தார்கள். 'இன்னும் அதிக ஜனநாயகம், இன்னும் அதிக வெளிப்படைத்தன்மை' என்ற பொருளில் பேசினார் பிரதமர் ஸ்டோல்டன்பர்க். பேச்சு எல்லோரும் பேசுவார்கள். அதன் பிறகு செய்ததைப் பாருங்கள். வழக்கு திறந்த நீதிமன்றத்தில் நடந்தது. இறந்த 77 பேரில் ஒவ்வொருவரைப் பற்றியும், அவர் யார், எப்படி வாழ்ந்தார் என்று நீதிமன்றத்தில் வாசித்தார்கள். கொன்றவனின் கொள்கையைக் கேட்ட அதே அறையில், செத்த பிள்ளைகளின் வாழ்க்கையையும் கேட்டார்கள்.

இன்னொரு பக்கம் விசாரணைக் குழு போட்டு, ஒரு வருடத்தில் அறிக்கை வாங்கினார்கள். அந்த அறிக்கை தங்கள் அரசையே கிழித்தது. அரசு கட்டடத்தை ஒட்டிய தெருவை வாகனங்களுக்கு மூட வேண்டும் என்று பல வருடங்களுக்கு முன்பே சொல்லியும் மூடவில்லை, மூடியிருந்தால் அந்த வண்டி அங்கே வந்து நின்றிருக்காது, தீவுக்குப் போலீஸ் இன்னும் சீக்கிரம் போயிருக்கலாம் என்று எழுதினார்கள். போலீஸ் தலைவர் பதவி விலகினார். ஒரு தெருவை மூடும் கோப்பு! எங்கோ ஒரு மேஜையில் கிடந்த கோப்பு. கோப்புகளோடு வாழ்ந்த எனக்கு அந்த வரியைப் படித்தபோது உடம்பு நடுங்கியது.

நியூசிலாந்தில் 2019 மார்ச் 15, கிரைஸ்ட்சர்ச் நகரின் இரண்டு மசூதிகளில் 51 பேர். பிரதமர் ஜெசிண்டா ஆர்டர்ன் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு அந்த வீடுகளுக்குப் போனார். சுட்டவன் பெயரைச் சொல்லவே மாட்டேன் என்றார். ஒரு மாதம் ஆவதற்குள் அந்த வகைத் துப்பாக்கிகளைத் தடை செய்யும் சட்டம் 119க்கு 1 என்ற வாக்கில் நிறைவேறியது. எதிர்க்கட்சியும் சேர்ந்தே வாக்களித்தது.

பக்கத்தில் இலங்கையில் 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் காலையில் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் 260 பேருக்கு மேல் இறந்தார்கள். மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் செத்ததில் குழந்தைகள் பலர், தமிழ்ப் பிள்ளைகள். இரண்டு வாரத்துக்கு முன்பே இந்தியா எச்சரித்திருந்தது. கவனிக்கவில்லை. மே மாதம் ஒன்றும் அறியாத முஸ்லிம்களின் வீடும் கடையும் எரிந்தன. ஆனால் 2023 ஜனவரியில் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம், கடமை தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி சிறிசேன தன் கையிலிருந்து 10 கோடி இலங்கை ரூபாய் நஷ்டஈடு கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. சொந்தப் பணம். அந்தத் தீர்ப்பை ஒவ்வொரு நாட்டு அதிகாரியும் படிக்க வேண்டும்.

நாமும் ஒன்றும் கற்காமல் இல்லை. 2008இல் டில்லிப் பக்கம் மானேசரிலிருந்து என்.எஸ்.ஜி. கமாண்டோ வீரர்கள் மும்பை வந்து சேர விடிந்துவிட்டது. அதன் பிறகுதான் சென்னை உட்பட நாலு நகரங்களில் அவர்களுக்கு மையம் வந்தது, என்.ஐ.ஏ. என்ற தேசியப் புலனாய்வு முகமை பிறந்தது. எங்கே கோட்டை விட்டோம் என்பதை முழுசாக மக்கள் முன்னால் வைப்பதில்தான் நமக்கு இன்னும் தயக்கம். பஹல்காம் புல்வெளியில் அத்தனை பேர் கூடும் இடத்தில் ஏன் காவல் இல்லை என்று கேட்பது ராணுவத்தை அவமதிப்பது ஆகாது, சார். அதை வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

தேர்தலில் இதைப் பேசி ஓட்டு கேட்கலாமா?
– சங்ககிரி வாசகர்

பேசாமல் இருக்க மாட்டார்கள். ஆனால் ஸ்பெயினில் 2004 மார்ச் 11 அன்று மாட்ரிட் ரயில்களில் குண்டு வெடித்து 190 பேருக்கு மேல் செத்தார்கள். மூன்று நாளில் தேர்தல். பாஸ்க் பிரிவினைவாதிகள்தான் காரணம் என்று அரசு அடித்துச் சொன்னது, சாட்சியங்கள் வேறு பக்கம் காட்டின. மறைக்கிறார்கள் என்று ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள். ஆளும் கட்சி தோற்றது.

கோவையில் 98க்கு முன்னும் பின்னும் நடந்ததை நேரில் பார்த்தவன். இரண்டு தரப்பும் இனி ஒட்டவே ஒட்டாது என்று நினைத்தேன். உங்கள் கருத்து?
– கோவையிலிருந்து வந்து குகையில் குடியிருக்கும் வாசகர்

97 நவம்பரில் ஒரு போலீஸ்காரர் கொலை, அதைத் தொடர்ந்த கலவரத்தில் 18 முஸ்லிம்கள் பலி, பிப்ரவரியில் குண்டுகள். நீங்கள் பார்த்ததை என்னால் எழுத்தில் கொண்டுவர முடியாது. ஆனால் 2022ஐயும் பார்த்திருப்பீர்கள். தீபாவளிக்கு முதல் நாள் விடியற்காலையில் கோட்டை ஈஸ்வரன் கோவில் முன்னால் காரில் சிலிண்டர் வெடித்து, காரில் வந்தவனே செத்தான். 98 மாதிரி ஆகிவிடுமோ என்று இங்கே சேலத்தில் எனக்கே வயிற்றைக் கலக்கியது. ஆகவில்லை. சில நாள் கழித்து ஜமாத்தார் அந்தக் கோவிலுக்கே போய் நிர்வாகத்தாரைச் சந்தித்துப் பேசினார்கள். அன்றைக்கு அந்தப் படி ஏறியவர்களும், உள்ளே வாங்க என்று அழைத்தவர்களும் செய்த காரியத்துக்கு எந்தப் படையும் ஈடாகாது என்பது என் எண்ணம்.

பஸ் ஸ்டாண்டிலோ கோவில் திருவிழாவிலோ ஆளில்லாத பை கிடந்தால் என்ன செய்வது? ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் கோவில் கூட்டத்தை நினைத்தால் பயமாக இருக்கிறது.
– இல்லத்தரசி, அஸ்தம்பட்டி

தொடாதீர்கள், காலால்கூட நகர்த்தாதீர்கள். "இது யார் பை?" என்று ஒரே ஒரு முறை சத்தமாகக் கேளுங்கள். பெரும்பாலும் பக்கத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பவர் ஓடி வருவார். யாரும் வரவில்லை என்றால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தள்ளிப் போங்கள், பக்கத்தில் இருப்பவர்களையும் நகரச் சொல்லுங்கள், "குண்டு" என்று கத்தாதீர்கள். கூட்டத்தில் மிதிபட்டுச் சாவதும் சாவுதான். தள்ளிப் போன பிறகு பணியில் இருக்கும் போலீசிடம் சொல்லுங்கள், இல்லாவிட்டால் 112. எந்த வாசல், எந்தத் தூண் பக்கம், என்ன நிறப் பை என்று இடத்தைச் சரியாகச் சொல்லுங்கள். பக்கத்தில் யார் நின்றார், என்ன உடை, எந்தச் சாதி மாதிரி என்று உங்கள் ஊகத்தைச் சேர்க்காதீர்கள். பார்த்ததை மட்டும் சொன்னால் அவர்கள் வேலை சுலபம். திருவிழாவுக்குத் தாராளமாகப் போங்கள். குழந்தையின் சட்டைப் பையில் உங்கள் போன் நம்பரை ஒரு சீட்டில் எழுதிப் போட்டு விடுங்கள், அது எல்லாக் கூட்டத்துக்கும் உதவும்.